ஒரு வேளை மாத்திரை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் மணவாளனைத் தெரியாதவர்கள் குறைவு. இருபது வருஷத்துக்கும் மேலாக அந்தத் தடத்தில்தான் பஸ் ஓட்டினார். ஆலப்பாக்கத்தில் கூடையோடு நிற்கும் மீன்காரப் பெண்கள் அவர் வண்டிக்குக் கை நீட்ட வேண்டியதில்லை. கூடை ஏறுகிறவரை பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு பொறுமையாக நிற்பார். ஒரு நாயைக்கூட அடித்ததில்லை என்று டெப்போவில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் மனைவி மாலதிக்கு அந்தப் பேச்சு நகை போட்டுக்கொண்ட மாதிரி.

அதனால்தானோ என்னவோ, அவருடைய வலது கை முதன்முதலாக ஆடியபோது, அவள் பார்த்தும் பார்க்காதவள் போல இருந்துவிட்டாள்.

முதுநகரில் ரயில் ஜங்ஷனுக்குப் பின்பக்கம் அவர்கள் வீடு. ஒரே மகள் கயல்விழி பெங்களூரில் வேலையில் இருந்தாள். ஒரு சாயங்காலம் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மடியில் கிடந்த அவருடைய கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. என்னங்க என்று கேட்டதும் நின்றது. அவள் திரும்பியதும் மறுபடி உருட்டின. பிறகு ஒருநாள் அடுப்பில் கருவாடு கருகித் தெருவே மூக்கைப் பொத்தியபோது, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவருக்குத் தெரியவில்லை. பிறகு கையெழுத்து சுருங்கியது. பிறகு, நடக்கும்போது ஒரு கை வீசுவதை நிறுத்தியது.

யாருக்கும் தெரியக் கூடாது என்று புதுச்சேரிக்குப் போனார்கள். அங்கே டாக்டர் விரல்களைத் தட்டச் சொன்னார், கையை விரித்து மூடச் சொன்னார், நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கச் சொன்னார். எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, பார்க்கின்சன் என்றார். மூளையில் ஒரு சுரப்பு குறைந்துகொண்டே வருகிறது, மாத்திரையால் சமாளிக்கலாம், குணப்படுத்த முடியாது.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"பஸ் ஓட்டுறேன் சார்."

"இனிமே ஓட்டக் கூடாது."

"சரிங்க சார்" என்றார் மணவாளன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கணும் மாலதி. ஸ்டியரிங்கை விட்டா எனக்கு என்னா தெரியும் சொல்லு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மாத்திரை முதலில் அதிசயம் போலத்தான் வேலை செய்தது. காலையில் மரக்கட்டையாக எழுந்திருப்பார். மாத்திரை உள்ளே போய் முக்கால் மணி ஆனதும் கை காலில் இறுக்கம் விட்டுவிடும். அதற்கு ஏற்ப எல்லாவற்றையும் நேரம் வைத்துச் செய்யப் பழகிக்கொண்டார். டியூட்டிக்குக் கிளம்பும் முன் கண்ணாடி முன்னால் நின்று, விரல்களை விரித்து மூடி, சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்த்து, தனக்குத்தானே மார்க் போட்டுக்கொள்வார்.

"இன்னைக்கு எண்பது."

எண்பதுக்குக் கீழே அவர் ஒருநாளும் போட்டுக்கொண்டதில்லை. மாலதி வேறு கணக்கு வைத்திருந்தாள். பொத்தான் போட முடியாமல் அவளைக் கூப்பிட்ட காலைகள். படுக்கையில் புரள முடியாமல் அவள் இடுப்பில் கை கொடுத்துத் திருப்பிவிட்ட இரவுகள். மாத்திரை அட்டையின் தகட்டைப் பிதுக்க விரலில் பலமில்லாமல் போனதால் அந்த வேலையும் அவளிடம் வந்தது. வேளைக்கு வேளை மாத்திரையைப் பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைப்பாள். அவர் பார்க்காமலேயே வாயில் போட்டுக் காப்பியைக் குடிப்பார்.

ஓர் ஆவணியில் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். மாலதி அவருடைய வண்டியிலேயே போனாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முதல் சீட். கண்டக்டர் சுப்புராயன் அவளுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, "அண்ணன் வண்டின்னா தொட்டில்ல படுத்த மாதிரி இருக்கும், தூங்குங்க அண்ணி" என்றான். சுப்புராயன் அவரோடு பல வருஷமாக ஓடுகிறவன். வீட்டில் ஒருவன் மாதிரி.

அவள் தூங்கவில்லை. புதுச்சத்திரம் தாண்டி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். ஹாரன் அடித்தது. வண்டியின் வேகம் குறையவில்லை. மாலதி அவருடைய வலது காலைப் பார்த்தாள். அது ஆக்சிலரேட்டர் மேல் ஆணி அடித்தாற்போல இருந்தது. அவர் இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, முழங்காலுக்கு மேல் பேண்ட்டைக் கொத்தாகப் பிடித்து, அந்தக் காலைத் தூக்கி பிரேக் மேல் வைத்தார்.

பஸ் முக்கி நின்றது. கண்ணாடிக்கு நேர் கீழே ஒரு பெண்குழந்தை புத்தகப் பையை மார்போடு கட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தது. பின்சீட்டில் யாரோ பிள்ளைகளைத் திட்டினார்கள். மணவாளன் கியரைப் போட்டு வண்டியை எடுத்தார். அவருடைய காலர் நனைந்திருந்தது.

கல்யாணம் முடிந்து திரும்பும்போது, சிதம்பரம் ஸ்டாண்டில் மாலதி சுப்புராயனைத் தனியாகப் பிடித்தாள்.

"நீயும் பார்த்த இல்ல?"

அவன் டிக்கெட் மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "ரொம்ப நாளா பார்க்கறேன் அண்ணி. நானா சொல்லி அவரைக் கீழ இறக்கிவிட என்னால ஆவாது."

"நான் போயி டெப்போவுல சொல்லிடட்டுமா?"

"சொல்லாதீங்க. தெரிஞ்சே மறைச்சு ஓட்டியிருக்கார்னு நடவடிக்கை எடுப்பாங்க. வேலையே போயிடும். டாக்டருங்களா பார்த்து, இவரால ஓட்ட முடியாதுன்னு எழுதினா அது வேற. ஊனம்னு சர்டிபிகேட் வந்துட்டா உள்வேலை குடுத்தே ஆகணும், சட்டம் இருக்கு."

அப்படி ஒரு சந்தர்ப்பம் தானாகவே வந்தது. டிரைவருக்குக் கை நடுங்குகிறது என்று யாரோ ஒரு பயணி புகார் கொடுத்ததில் டெப்போ அவரை மெடிக்கல் போர்டுக்கு அனுப்பியது. அன்று மணவாளன் வழக்கமான மாத்திரையோடு கூடப் பாதி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். தாமதமாகக் கிளம்பி, மருந்து நன்றாக ஏறியிருந்த நேரமாகப் பார்த்து உள்ளே போனார். விரல் தட்டினார். எழுந்தார். நடந்தார். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் கை லேசா ஆடும் என்றார். புதுச்சேரி வைத்தியத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. இருந்ததை அளந்தவர்கள் இருந்ததைத்தான் எழுதினார்கள்: லேசான நடுக்கம், வேலைக்குத் தகுதி, மூன்று மாதம் கழித்து, சிதம்பரத்தில் நரம்பு டாக்டரிடம் மறுபடி பார்க்கவும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சிரித்தார். "பார்த்தியா? பெரிய டாக்டருங்களே அளந்து சொல்லிட்டாங்க."

அந்த மூன்று மாதமும் மாலதி சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிவந்தாள். தண்ணீர் பிடிக்கையில், அரிசி களைகையில், புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்த அந்த முகம் வந்தது. அவரிடம் கெஞ்சினாள். அழுதாள். ஒருநாள் பேசாமல் இருந்தாள். எதற்கும் அவர் அசையவில்லை. "நான் பார்த்துக்குவேன்" என்பார். அவ்வளவுதான்.

அவளுக்கு அந்த யோசனை எப்போது வந்தது என்று பிற்பாடு நினைத்தபோது அவளால் சொல்ல முடியவில்லை. அவள் சாப்பிடுகிற சத்து மாத்திரையும் அவருடைய மாத்திரையும் கிட்டத்தட்ட ஒரே நிறம், ஒரே அளவு. தினமும் இரண்டையும் ஒன்றாகத்தான் எடுத்தாள். யாரிடமும் போய் எதுவும் சொல்ல வேண்டாம். காட்டிக் கொடுத்தவள் என்ற பேரும் வேண்டாம். டாக்டர் அளக்கிற அன்று ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, மருந்து உள்ளே போகாமல் இருந்தால் போதும். நோய் தானாக வந்து தன்னைச் சொல்லிக்கொள்ளும். அன்றைக்கு அவருக்கு டியூட்டியும் இல்லை.

மார்கழி முடிகிற வாரம், டாக்டரிடம் போக வேண்டிய நாள். காலையில் காப்பியோடு அவர் உள்ளங்கையில் சத்து மாத்திரையை வைத்தாள். அவர் வழக்கம்போல பார்க்காமல் விழுங்கினார்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. பால் வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பூத்தில் கூட்டம். வேண்டுமென்றே வரிசையில் கடைசியாக நின்றாள். திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டு இருசம்மாளிடம் இருந்தது.

"டெப்போவுலேர்ந்து போன் வந்துச்சாம். யாரோ டிரைவர் வரலையாம். ஒரே ஒரு ட்ரிப்பு சிதம்பரம் எடுத்துட்டுப் போங்க, அங்க வேற ஆளு மாத்திக்குவாங்கன்னாங்களாம். எப்படியும் ஆஸ்பத்திரிக்கு அங்கதான போவணும்னு யூனிபார்ம் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. மத்தியானமா உன்னை அங்க வந்துடச் சொன்னாரு."

பால் பாக்கெட்டுகள் எங்கே விழுந்தன என்று மாலதிக்குத் தெரியாது. அவருடைய போன் வீட்டுக்குள் அலமாரியில்தான் இருக்கும், வண்டியில் எடுத்துப் போகிற வழக்கம் இல்லை. சுப்புராயனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். செருப்பில்லாமல் மெயின் ரோட்டுக்கு ஓடினாள். தெருமுனைக்கு வரும்போது அவருடைய பஸ் அந்த இடத்தைக் கடந்துகொண்டிருந்தது. முன்கண்ணாடிக்குள் அவர் தெரிந்தார். நேராக உட்கார்ந்திருந்தார், ஒட்டிவைத்தது மாதிரி. அவள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். வண்டி நிற்கவில்லை. அவர் பார்க்கவில்லையா, பார்த்தும் நிறுத்த முடியவில்லையா என்பது அவளுக்குத் தெரியாது.

அடுத்த பஸ்ஸில் ஏறினாள். சிப்காட் தாண்டியது. காரைக்காடு தாண்டியது. ஆலப்பாக்கத்தில் மீன்காரப் பெண்கள் யாரும் நிற்கவில்லை. முன்னால் போன வண்டியில் ஏறியிருப்பார்கள். சுப்புராயனின் போன் இப்போது மணிகூடப் போகவில்லை. பக்கத்தில் இருந்தவர் "எங்கம்மா போற, ஏன் இப்படி வேர்த்து ஊத்துது?" என்று கேட்டார். மாலதி கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையை மட்டும் பார்த்தாள். எந்த வளைவு திரும்பினாலும், இந்த வளைவில் இல்லை, இந்த வளைவில் இல்லை என்று எண்ணிக்கொண்டாள்.

வெள்ளாற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால் வண்டிகள் நின்றிருந்தன.

மணவாளனுக்குக் கிளம்பும்போதே உடம்பு இறுகித்தான் இருந்தது. மாத்திரை ஏறாத நேரம், கொஞ்ச தூரம் போனால் விட்டுவிடும் என்று நினைத்தார். ஆலப்பாக்கத்தில் விடும் என்று நினைத்தார். புதுச்சத்திரத்தில் விடும் என்று நினைத்தார். தினமும் விட்டதுதானே. பாலத்துக்கு ஏறுகிற மேட்டில் முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் நின்றது. கால் வரவில்லை. தூக்கி வைக்கக் கையும் வரவில்லை. ஸ்டியரிங்கை மட்டும் எப்படியோ இடதுபக்கம் சாய்த்தார். பஸ் சாலையை விட்டிறங்கி, காட்டுக்கருவைப் புதருக்குள் புகுந்து, பள்ளத்தில் ஒருக்களித்து நின்றது.

யாரும் சாகவில்லை. ஆனால் படிக்கட்டில் நின்ற சுப்புராயனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. ஆலப்பாக்கத்தில் ஏறிய தங்கம்மாள் என்கிற மீன்காரக் கிழவிக்கு இடுப்பெலும்பு உடைந்தது. முள்ளும் கண்ணாடியும் கிழித்தவர்கள் சாலையோரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாலதி போய்ச் சேர்ந்தபோது மணவாளன் இன்னும் டிரைவர் சீட்டில்தான் இருந்தார். இறங்க முடியவில்லை. கீழே நின்ற இளைஞன் ஒருவன் செல்போனில் படம் எடுத்தபடி, "தண்ணியைப் போட்டுட்டு ஓட்டியிருக்கான் பாருங்க" என்றான். போலீஸ்காரர் ஏறி அவர் வாயை மோந்து பார்த்து, இல்லை என்று தலையாட்டினார்.

சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நரம்பு டாக்டர் இளவரசி அன்றைய பரிசோதனைக்கு அவருக்காகத்தான் காத்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், அதிர்ந்து பேசாதவள். காயங்களுக்குக் கட்டுப் போட்டதும் அளக்க ஆரம்பித்தாள்.

"ரெண்டு விரலையும் நல்லா அகலமா தட்டுங்க, வேகமா."

விரல்கள் இரண்டு முறை தட்டி, மூன்றாவதில் குறுகி, ஒட்டிக்கொண்டன.

"கையைக் கட்டிக்கிட்டு நாற்காலியிலேர்ந்து எழுந்திரிங்க." எழுந்திருக்க முடியவில்லை. தூக்கிவிட்டார்கள். "கதவு வரைக்கும் நடங்க." கதவுக்கு முன்னால் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது. உடம்பு மட்டும் முன்னால் போகப் பார்த்தது. கடைசியில் டாக்டர் பின்னால் நின்று, "இப்ப இழுப்பேன், விழாம நிக்கணும்" என்று சொல்லிவிட்டு இரண்டு தோளையும் பின்பக்கம் இழுத்தாள். அவர் பலகை சாய்கிற மாதிரி அப்படியே சாய்ந்தார். வார்டு ஆள் தாங்கிப் பிடித்தான்.

"காலையில மாத்திரை போட்டீங்களா?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. புதுச்சேரி வைத்தியம் முழுவதையும் மணவாளன் சொன்னார். "தவறாம போட்டேம்மா. இவதான் எடுத்துக் குடுத்தா. இன்னைக்கு என்னமோ கேக்கவே இல்ல."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "போட்டும் இப்படின்னா நோய் ரொம்ப தூரம் வந்துடுச்சு. அளவை நல்லா ஏத்தணும்." பிறகு மாலதியைப் பார்த்தாள். "நீங்க வெளிய வாங்கம்மா. வீட்டுல எப்படின்னு உங்களைத்தான் கேக்கணும்."

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். சட்டை தானே போட்டுக்கொள்வாரா. சோறு பிசைய முடிகிறதா. படுக்கையில் புரள்வாரா. அவர் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்கிறதா. இதையெல்லாம் இதுவரை யாரும் மாலதியிடம் கேட்டதில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், பாதியில், "அந்த மாத்திரையை நான் குடுக்கலம்மா" என்றாள்.

டாக்டர் பேனாவை மூடினாள்.

"எதுக்குக் குடுக்கல?"

மாலதி எல்லாவற்றையும் சொன்னாள். வார்டுக்குள் தங்கம்மாளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரச் சத்தம் ஓய்ந்ததும் டாக்டர் சொன்னாள்.

"இது திடீர்னு நிறுத்தற மருந்து இல்லம்மா. உயிருக்கே ஆபத்தாயிடும். நீங்க சொல்லாம விட்டு நான் ஜாஸ்தியா ஏத்தியிருந்தா, இல்லாத ஆளுங்க எல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சிருப்பாங்க." பேனாவை மறுபடி திறந்துகொண்டே சொன்னாள்: "முன்னாடி அவர் நல்லா இருக்கற நேரமா பார்த்து அளக்க வச்சாரு. இன்னைக்கு நீங்க மோசமா இருக்கற நேரமா பார்த்து அளக்க வச்சீங்க. நான் ரெண்டையும் பார்த்துத்தான் எழுதணும்."

உண்மையான மாத்திரையைக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்தாள். விரல்கள் தட்டின. எழுந்தார். கதவைத் தாண்டி நடந்துபோய்த் திரும்பி வந்தார். அந்த நடையைப் பார்த்து மாலதி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு அளவையும் எழுதி, இரண்டும் எந்த நேரத்தில் எடுத்தவை என்றும் எழுதி, ஊனம் ஐம்பத்தைந்து சதவீதம், எந்த வாகனமும் ஓட்டக் கூடாது என்று மெடிக்கல் போர்டுக்குச் சிபாரிசு செய்தாள். "மாத்திரை விஷயத்தை வீட்டுக்காரர்கிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

மறுநாள் தங்கம்மாளைப் பார்க்க ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனாள் மாலதி. கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் ஊட்டுக்காரன் நல்லவன்மா. ஆத்துல எறக்காம முள்ளுல எறக்கினான். இல்லாங்காட்டி நாங்க இருக்க மாட்டோம்." மாலதி அந்தக் கைக்குள்ளிருந்து தன் கையை எடுக்கவும் முடியாமல், வைத்துக்கொண்டிருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கிழவி மறுபடி கூடை தூக்கப்போவதில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

வீட்டுக்கு வந்த அன்று பிற்பகல் மணவாளனிடம் சொன்னாள். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. அந்த முகத்தில் எதுவும் வரவில்லை. நோய் எப்போதோ அந்த முகத்தின் தசைகளையும் எடுத்துக்கொண்டுவிட்டதை அவள் அப்போதுதான் முழுதாகப் பார்த்தாள். இமைகூட எப்போதாவதுதான் அடித்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை.

"ஏதாவது சொல்லுங்க" என்றாள்.

அவர் தண்ணீர் கேட்டார்.

டெப்போவில் விசாரணை நடந்தது. நோயை மறைத்து ஓட்டியது தன் தப்பு என்று அவரே ஒத்துக்கொண்டார். அன்றைக்கு மருந்து சாப்பிட்டீரா என்று கேட்டதற்கு, "போட மறந்துட்டேன் சார்" என்றார். தோளில் கட்டோடு சாட்சி சொல்ல வந்திருந்த சுப்புராயன்தான் பிறகு இதை மாலதியிடம் சொன்னான். அண்ணன் எதையும் மறக்கிற ஆள் இல்லையே அண்ணி என்றும் சொன்னான். அவளைக் காப்பாற்றச் சொன்னாரா, அவள் பேரை வாயால் எடுக்கவே பிடிக்காமல் சொன்னாரா என்பது அவளுக்கு விளங்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

தண்டனையாக ஊதிய உயர்வை நிறுத்திவிட்டு, டெப்போவுக்குள்ளேயே டயர் ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். காலையில் போவார், மாலையில் வருவார். அவள் சமைத்ததைச் சாப்பிடுவார். புரட்டிவிடக் கூப்பிடுவார். ஆனால் மாத்திரையை மட்டும் ஸ்டோரில் கூட வேலை செய்கிறவனிடம் மொத்தமாகப் பிதுக்கி வாங்கி, ஒரு டப்பாவில் போட்டு, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வருஷம் ஆனதும் மறுபடி அளக்க சிதம்பரம் போனார்கள். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பாலம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் இளவரசி மாத்திரைக்கு முன்னால் ஒருமுறையும் பின்னால் ஒருமுறையும் பொறுமையாக அளந்தாள். இரண்டு அளவிலும் நோய் முன்னைவிட ஏறியிருந்தது. மாத்திரைக்குப் பிறகும் இப்போது கதவருகே பாதம் தயங்கியது.

"இனி வீட்டு விஷயம்" என்று டாக்டர் தாளைத் திருப்பி, மாலதி பக்கம் நாற்காலியை நகர்த்தினாள். "சொல்லுங்கம்மா, ராத்திரி தானே புரள்றாரா?"

மாலதி வாயைத் திறந்தாள்.

"அவளைக் கேக்காதீங்கம்மா." மணவாளனின் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது, டாக்டர் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "எதுவா இருந்தாலும் என்னையே கேளுங்க."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாலதி எழுந்து வெளியே வந்து, அதே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அவர் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று அவளுக்குக் கேட்கவில்லை.